ஒரே இடம், ஒரே வலை, அரை மணி நேரம்

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டை வரைபடத்தில் பார்த்தால், கடல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நீளமாக உள்ளே புகுந்து மாநிலத்தை ஏறக்குறைய இரண்டாகப் பிளந்திருப்பது தெரியும். அதுதான் நாரகன்செட் விரிகுடா. அந்த விரிகுடாவில் 1959ஆம் ஆண்டிலிருந்து, வானிலை இடம்கொடுக்கும் வாரங்களில் எல்லாம், ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் படகு ஒன்று குறிப்பிட்ட இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் கடலடியில் இழுவலை இழுக்கிறது. வலையில் விழுந்தவற்றை இனம் பிரித்து, எண்ணி, எடை போட்டு, எழுதிக்கொண்டு கரைக்குத் திரும்புகிறது. இதை விடவும் சுவாரசியம் குறைந்த ஓர் அறிவியல் வேலையைக் கற்பனை செய்வது கடினம். ஆனால் உலகத்தின் கடலோர மீன்வளத்தைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்த சில விஷயங்கள், இத்தகைய சலிப்பூட்டும் வேலைகளிலிருந்து வந்தவை.

அந்த இரண்டு இடங்களில் ஒன்று ஃபாக்ஸ் தீவு. விரிகுடாவின் மேற்கு வாய்க்காலில், சேறும் சிப்பி ஓடும் கலந்த அடித்தளத்தில், ஆறு ஏழு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மற்றது வேல் ராக் என்னும் பாறையை ஒட்டிய பகுதி. விரிகுடா வெளிக்கடலோடு சேரும் வாயில் அது. ஆழம் 20 மீட்டர் அளவில் இருக்கும். அந்தப் பாறையின் மேல் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம் இருந்தது. 1938 செப்டம்பரில் வந்த பெரும் சூறாவளி அதை உள்ளே இருந்த காவலரோடு சேர்த்து அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்று அதன் அடிப்பகுதி மட்டும் மிச்சமிருக்கிறது. ஆக, உள்ளே ஓர் இடம், வாயில் ஓர் இடம். கடலிலிருந்து மேற்கு வாய்க்கால் வழியாக விரிகுடாவுக்குள் வந்துபோகும் மீன்களை இந்த இரண்டிலும் பார்க்கலாம்.

கணக்கெடுப்பைத் தொடங்கியவர் சார்லஸ் ஃபிஷ் என்னும் கடலியலாளர். அவருடைய மனைவி மேரி போலண்ட் ஃபிஷ், மீன்கள் நீருக்கடியில் எழுப்பும் ஒலிகளைப் பதிவு செய்து வகைப்படுத்தியவர்; நீர்மூழ்கியின் சத்தம் எது, மீனின் சத்தம் எது என்று தெரிந்துகொள்ள விரும்பிய அமெரிக்கக் கடற்படைக்கு அவருடைய ஆய்வு தேவைப்பட்டது. குடும்பப் பெயருக்கு இவ்வளவு விசுவாசமாக வாழ்ந்த தம்பதியரை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. சார்லஸ் ஃபிஷ் அறிய விரும்பியது ஒரு சிறிய விஷயம்: எந்த மாதத்தில் எந்த மீன் விரிகுடாவுக்குள் வருகிறது, எப்போது வெளியேறுகிறது. கடல் வெப்பமடைவதைப் பற்றிய கவலை பொதுவெளியில் இல்லாத காலம் அது. அவருக்குப் பின் பெரி ஜெஃப்ரீஸ் பல பத்தாண்டுகள் இந்தப் பணியைத் தொடர்ந்தார், அவருக்குப் பின் ஜெரமி காலி. கேள்வியைக் கேட்டவர் போய்விட்டார். அவர் தொடங்கிய பழக்கம் நிற்காமல் போனதால், அவர் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் விடை சேர்ந்துவிட்டது.

வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 53 அடி நீளமுள்ள கேப்ன் பெர்ட் என்னும் படகு, மணிக்கு இரண்டு கடல் மைல் வேகத்தில், அரை மணி நேரம் வலையை இழுக்கிறது. அப்படியென்றால் ஒரு கடல் மைல் தூரம், அதாவது 1,852 மீட்டர். வலையின் வாய் அடித்தளத்தில் விரிந்து நிற்கும் அகலம் சுமார் 6.5 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஒரு பாட்டுக்கு (வலையை ஒருமுறை இழுப்பது ஒரு பாடு) ஏறக்குறைய 12,000 சதுர மீட்டர், நம் கணக்கில் மூன்று ஏக்கர். வாரத்துக்கு இரண்டு பாடு, ஆறு ஏக்கர். மொத்த விரிகுடாவின் பரப்பு சுமார் 380 சதுர கிலோமீட்டர். ஆக, இந்த வலை காண்பது கடலின் ஒரு நூலிழையைத்தான். அந்த நூலிழையை ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில், அதே வேகத்தில், அதே நேர அளவுக்குக் காண்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் படகு மாறியிருக்கிறது, ஆட்கள் மாறியிருக்கிறார்கள். வலையின் அமைப்பை மட்டும் மாற்றாமல் காத்துவந்திருக்கிறார்கள்.

மீன்பிடித் தொழிலாக இதைப் பார்த்தால் படுமோசமான தொழில். தூத்துக்குடியில் விசைப்படகு வைத்திருக்கும் என் மாமாவிடம் இதை விளக்க முயன்றபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏலே, மீன் எங்க கெடக்குன்னு பாத்துப் போயி வல போடணும். மீன் இல்லாத எடத்துல போயி இழுத்துட்டு, மீனே இல்லன்னு எழுதி வச்சா அது என்ன கணக்கு?" என்றார். "இல்ல மாமா, அவங்க மீன் புடிக்கப் போகல, எண்ணத்தான் போறாங்க" என்றேன். "எண்ணுறதுக்கும் மொதல்ல புடிக்கணும்லா?" என்று முடித்துவிட்டார். ரோட் ஐலண்ட் அடங்கிய வடகிழக்கு அமெரிக்கப் பகுதியான நியூ இங்கிலாந்தின் மீனவர்கள் அரசாங்க ஆய்வுக் கப்பல்களைப் பற்றிச் சொல்லும் குறையும் எழுத்துக்கு எழுத்து இதுதான். ஆய்வாளர்களுக்கு வலை போடத் தெரியவில்லை, எங்கே போட வேண்டும் என்பதும் தெரியவில்லை. மீன் பிடிப்பவனின் இடத்திலிருந்து பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு முழுக்க உண்மை. ஆனால் மீனவரின் திறமையே அவருடைய மீன்பாட்டை அளவுகோலாகப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடுகிறது.

இதற்கு உலகமே பார்த்த சாட்சி நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீன். 1980களில் அந்த மீனின் இருப்பு குறைந்துகொண்டே வந்தபோதும், பெரிய இழுவைக் கப்பல்களின் மீன்பாடு மட்டும் குறையவில்லை. எஞ்சிய மீன்கள் சில இடங்களில் நெருங்கிக் கூடின. கப்பல்களில் நல்ல மீன்காட்டும் கருவிகள் இருந்தன, மாலுமிகளுக்கு அந்த இடங்கள் தெரிந்திருந்தன. ஒரு மணி நேர இழுப்புக்குக் கிடைத்த மீன் முன்போலவே இருந்ததால், கடலிலும் மீன் முன்போலவே இருப்பதாகக் கணக்குச் சொன்னது. ஆய்வுக் கப்பலின் எண்கள் அதைவிடக் குறைவாக இருந்தும், மதிப்பீட்டில் வணிகக் கப்பல்களின் எண்களுக்கும் இடம் கொடுக்கப்பட்டது. 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு அந்த மீன்பிடிப்பை நிறுத்தியது. பல்லாயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். கெட்டிக்காரத்தனமாகப் பிடித்த மீனை வைத்து, கடலில் இருக்கும் மீனைக் கணக்கிட்டதன் விலை அது.

ஆகவே கணக்கெடுப்பவன் கெட்டிக்காரனாக இருக்கக் கூடாது. இதை ஏட்டில் படித்தபோது எனக்குப் புரிந்தது, ஆனால் மனம் ஒப்பியது ஒரு பிப்ரவரி மாதத்தில், அங்கே படித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் வழியாகப் படகில் உடன்போக வாய்ப்புக் கிடைத்தபோதுதான். ஃபாக்ஸ் தீவின் அருகே வலை நீரில் இருந்தது. படகோட்டியின் அறையில், மீன்காட்டும் கருவியின் திரையில் எங்கள் பாதைக்குச் சற்று இடப்புறமாக அடர்த்தியான ஒரு திரள் தெரிந்தது. கொஞ்சம் திருப்பினால் போதும். படகோட்டி அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்; அவர் சுக்கானைத் தொடவே இல்லை. மீன்கூட்டம் திரையின் ஓரமாக நகர்ந்து மறைந்தது. மீன் பிடிப்பவர்களின் ஊரில் வளர்ந்த எவனுக்கும் அது ஒரு கணம் உடம்பில் வலிக்கும் காட்சி.

விஞ்சு சுழன்று இரும்புக் கம்பிகள் உள்ளே வந்தன; முதலில் வலைவாயை விரித்துப் பிடிக்கும் இரண்டு பலகைகளும் தளத்தில் மோதி நின்றன, பிறகு வலை, கடைசியாக மீன் சேரும் பையான மடி. மடியின் முடிச்சை அவிழ்த்தபோது மேசையில் கொட்டியதில் பாதி சேறு. அதற்குள்ளிருந்து நான்கைந்து சிறு திருக்கைகள், சில பாறை நண்டுகள், ஒரே ஒரு விண்டர் ஃபிளவுண்டர் தட்டைமீன். கையுறைக்குள் விரல் மரத்துப்போன ஒரு மாணவி அந்தத் தட்டைமீனை எடுத்து, நடுவில் அளவுகோல் பதித்த பலகையில் வைத்து, அதன் மூக்கை முனைக்கட்டையில் முட்டும்படி தள்ளி, வாலை நீட்டிப் பிடித்து, சென்டிமீட்டரை உரக்கச் சொன்னார். இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். எழுதும் தாளில் இனங்களின் பெயர்கள் நீளமாக அச்சிடப்பட்டிருந்தன. கிடைக்காத இனங்களுக்கு நேரேயும் பதிவு உண்டு: சுழியம். நான் அதுவரை ஒன்றும் கிடைக்காத பாட்டை வீணான பாடு என்றே நினைத்துப் பழகியவன். அந்தத் தாளில் நூறு மீனுக்கு உள்ள மதிப்பே சுழியத்துக்கும் இருந்தது.

இப்படிச் சேர்ந்த எண்ணைப் பார்த்து, விரிகுடாவில் மொத்தம் எத்தனை தட்டைமீன் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நேர்மையான விடை கிடையாது. வலைக்கு முன்னால் இருந்த மீன்கள் எல்லாம் வலைக்குள் விழுவதில்லை. சில மேலெழும்பித் தப்பும், சில அடிக்கயிற்றுக்குக் கீழே சேற்றில் புதைந்து தப்பும், சிறியவை கண்ணிகளின் வழியே வெளியேறும். எத்தனை பங்கு தப்புகிறது என்பது இனத்துக்கு இனம், அளவுக்கு அளவு மாறும். ஆனால் அந்தப் பங்கு ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருந்தால் ஒப்பீடு செய்ய முடியும். மருந்துக்கடை வாசலில் இருக்கும் பழைய எடைமெஷின் இரண்டு கிலோ கூட்டிக் காட்டினாலும், அதே மெஷினில் மாதாமாதம் ஏறி நிற்பவருக்குத் தான் இளைத்தது தெரிந்துவிடும். மெஷினைச் சரிசெய்தால்தான் சிக்கல். இந்தக் கடைசி வாக்கியத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள் ஆய்வுப் பணிக்கு நல்ல வலை வாங்கிக் கொடுக்க எப்போதும் தயாராக இருக்கிறார்கள்.

அந்தச் சிக்கல் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு அதே கடற்கரையில் நடந்த கதை ஒன்று உண்டு. மாசசூசெட்ஸின் வுட்ஸ் ஹோலில் உள்ள அமெரிக்க அரசின் மீன்வள ஆய்வு மையம், 1963 முதல் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், 1968 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும், மெய்ன் வளைகுடாவிலிருந்து தெற்கே வட கரோலினாவின் ஹட்டராஸ் முனை நோக்கி ஆய்வுக் கப்பல் அனுப்பி இழுவலைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. நாரகன்செட் போல நிலையான இரண்டு இடங்கள் அல்ல. கடலை ஆழத்தையும் பகுதியையும் பொறுத்துப் பல அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு பருவத்துக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட பாடுகள் இழுக்கிறார்கள். ஆல்பட்ராஸ் 4 என்னும் கப்பல் பல பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்தது.

2002 செப்டம்பரில், மீனவர்கள் எழுப்பிய சந்தேகத்தின் பேரில் சோதித்தபோது, அந்தக் கப்பலின் இரண்டு இழுவைக் கம்பிகளிலும் நீளம் காட்டப் போட்டிருந்த குறிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது வெளியே வந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு கம்பி விட்டதாக நினைத்து விட்டிருக்கிறார்கள், ஆனால் ஒரு பக்கம் நீளம் கூடியிருந்தது. ஆழம் கூடக் கூட வித்தியாசமும் கூடியது. கம்பி ஒரு பக்கம் நீண்டால் வலை கோணலாகப் போகும், கோணலாகப் போகும் வலை வேறு விதமாக மீன் பிடிக்கும். 2000 முதல் 2002 வரை நடந்த எட்டுக் கணக்கெடுப்புகள் இப்படியே நடந்திருந்தன. அவற்றின் எண்களை அடிப்படையாக வைத்துத்தான் மீனவர்களுக்குக் கடலில் எத்தனை நாள் போகலாம் என்ற கட்டுப்பாடுகள் வகுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்க அதிபர் நிக்சனைக் கவிழ்த்த வாட்டர்கேட் ஊழலின் பெயரைத் தழுவி, இழுவலைக்கு ஆங்கிலத்தில் உள்ள டிரால் என்ற சொல்லைச் சேர்த்து, இதற்கு டிரால்கேட் என்று துறைமுகங்களில் பெயர் வைத்தார்கள்.

மீனவர்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு, கம்பிகளை வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாக விட்டு இழுத்துப் பார்த்தார்கள். பழைய எண்களையும் திரும்ப அலசினார்கள். மதிப்பீடுகளையே புரட்டும் அளவுக்குப் பாதிப்பு இல்லை என்று முடிவானது. அந்த முடிவு சரியென்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் துறைமுகத்தில் அதை எத்தனை பேர் நம்பினார்கள் என்பது வேறு விஷயம். நன்மையாக முடிந்த ஒன்றும் உண்டு. அடுத்த கப்பலுக்கான வலையை வடிவமைக்கும் குழுவில் மீனவர்களையும் வலை செய்பவர்களையும் அறிவியலாளர்களோடு சேர்த்து உட்கார வைத்தார்கள். ஹென்றி பி. பிகலோ என்னும் அந்தப் புதிய கப்பல் 2009இல் பொறுப்பேற்றது. வலை வேறு, வேகம் வேறு, அரை மணி நேர இழுப்பு இருபது நிமிடமாகக் குறைந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளின் எண்களை இந்தப் புதிய எண்களோடு எப்படி ஒட்டுவது? ஒரே வழி, ஓய்வுபெறும் கப்பலும் புதிய கப்பலும் பக்கம் பக்கமாக ஒரே நேரத்தில் இழுப்பதுதான். 2008இல் 600க்கும் மேற்பட்ட இணைப் பாடுகள் அப்படி இழுத்தார்கள். இனத்துக்கு ஒன்றாக, சில இனங்களில் மீனின் நீளத்துக்கு ஒன்றாக, ஒரு வலையின் எண்ணை மற்றதன் எண்ணாக மாற்றும் காரணிகளைக் கணக்கிட்டார்கள். சில தட்டைமீன்களில் புதிய வலை பழையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகப் பிடித்தது. அந்த இணைப் பாடுகள் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், 2009இல் கடலில் தட்டைமீன் திடீரென்று பெருகிவிட்டதாக ஒரு வரைபடம் சொல்லியிருக்கும்.

நாரகன்செட்டுக்குத் திரும்புவோம். அந்த இரண்டு இடங்களில் இதுவரை 130 இனங்கள் அளவில் வலையில் விழுந்திருக்கின்றன. மீன், நண்டு, கணவாய், இறால் எல்லாம் சேர்த்து. 1960களின் தாள்களைப் பார்த்தால் ஆட்சி செய்பவை குளிர்நீர் விரும்பும், தரையை ஒட்டி வாழும் மீன்கள்: விண்டர் ஃபிளவுண்டர், ஹேக் வகைகள். இன்றைய தாள்களில் கோடையில் குவிவன ஸ்கப், பட்டர்ஃபிஷ், ஊசிக் கணவாய். பட்டர்ஃபிஷ் நம் ஊர் வாவலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே தட்டையான வெள்ளி உடம்பு, அதே சிறிய வாய். மேசையில் கொட்டிக் கிடக்கும்போது பார்த்தால், குட்டி வாவல் என்று சொல்லிக் காசிமேட்டில் விற்றுவிடலாம். 2008இல் ஜெரமி காலியும் பெரி ஜெஃப்ரீஸும் இன்னொருவரும் சேர்ந்து, 1959 முதல் 2005 வரையிலான எண்களை ஒரே பார்வையில் வைத்து எழுதிய கட்டுரை இந்த மாற்றத்தின் திசைகளைக் காட்டியது. முதுகெலும்புள்ளவை குறைந்து முதுகெலும்பில்லாதவை கூடின. தரையை ஒட்டியவை குறைந்து நீரின் நடுவே நீந்துபவை கூடின. சராசரி உடலளவு சிறுத்தது. வெதுவெதுப்பான நீரை விரும்பும் இனங்களின் பங்கு ஏறியது. அதே காலத்தில் விரிகுடாவின் மேற்பரப்பு நீர் சுமார் 1.6 டிகிரி செல்சியஸ் சூடேறியிருந்தது. மாற்றம் ஒரே சீராக நடக்கவில்லை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் சட்டென்று ஒரு தாவல் இருந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்பவருக்கு அந்தத் தாவல், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு சரிவான கோடாகத்தான் தெரிந்திருக்கும்.

விண்டர் ஃபிளவுண்டரின் கதையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கணக்கெடுப்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. இந்த மீன் கடுங்குளிரில் விரிகுடாவுக்குள் வந்து முட்டையிடுகிறது. உறைநிலையை ஒட்டிய நீரில் இரத்தம் பனிக்கட்டியாகாமல் இருக்க அதன் உடலிலேயே ஒரு புரதம் இருக்கிறது. மற்ற மீன்கள் எல்லாம் ஓடிப்போன காலத்தில் குஞ்சு பொரிப்பதில் ஓர் ஆதாயம் உண்டு, தின்ன வருபவர் குறைவு. 1980களின் நடுவிலிருந்து வலையில் இதன் எண்ணிக்கை சரிந்தது. யார் காரணம்?

வடகிழக்கே, விரிகுடாவின் ஒரு பகுதியான மவுண்ட் ஹோப் விரிகுடாவின் கரையில், பிரேட்டன் பாயிண்ட் என்ற நிலக்கரி மின்நிலையம் இருந்தது. நாளொன்றுக்கு நூறு கோடி கேலன் அளவுக்கு நெருக்கமாகக் கடல்நீரை உறிஞ்சி, சூடாக்கி, திரும்பவும் கடலில் விட்டுக்கொண்டிருந்தது. 1984இல் அங்கே குளிரூட்டும் முறை ஒன்றை மாற்றி நீர் எடுப்பதைக் கூட்டியதும், அருகே மீன்கள் சரிந்ததும் காலத்தால் ஒட்டி வந்தன. மாநில அரசின் தனி இழுவலைக் கணக்கெடுப்பை வைத்து 1996இல் ஓர் அறிக்கை இதைச் சுட்டிக்காட்டியது. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு ராட்சத குளிரூட்டும் கோபுரங்கள் கட்டினார்கள், கட்டிச் சில ஆண்டுகளிலேயே, 2017இல், நிலையத்தையே மூடிவிட்டார்கள். மீன் திரும்பி வரவில்லை. மின்நிலையம் குற்றமற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முட்டையையும் குஞ்சையும் அது அழித்தது உண்மை. ஆனால் வேறு கைகளும் இருந்தன. 1970களிலும் 80களிலும் இந்த மீனைக் கடுமையாகப் பிடித்தார்கள். அதோடு, குளிர்கால நீர் சூடானபோது மணல் இறால் என்னும் விரல்நீள உயிர் முன்னதாகவே சுறுசுறுப்படைந்து, தரையில் கிடக்கும் முட்டைகளையும் இளம் மீன்களையும் தின்னத் தொடங்கியதை ரோட் ஐலண்டில் நடந்த ஆய்வக ஆய்வுகள் காட்டின. குளிரில் எதிரி தூங்கும் என்று நம்பி அமைந்த ஒரு வாழ்க்கை, குளிர் போனதும் குலைந்தது. வாரக் கணக்கெடுப்பு சரிவை மட்டும்தான் சொன்னது. காரணத்தை வேறு ஆய்வுகள் தேடிப்போக வேண்டியிருந்தது. ஆனால் எந்த ஆண்டில் தேடுவது, எந்தப் பருவத்தில் தேடுவது என்பதை அதுவே காட்டிக்கொடுத்தது.

சூடேறுவது மட்டுமே எல்லாவற்றுக்கும் விளக்கம் என்று சொல்பவர்களிடமும் எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கை உண்டு. ஸ்கப் பெருகியதில் வெப்பத்துக்குப் பங்கு இருக்கிறது, ஆனால் பிடிப்பு அளவுகளைக் கட்டுப்படுத்தியதற்கும் பங்கு இருக்கிறது. அந்த இனம் மீண்டுவிட்டதாக 2009இல் அறிவித்தார்கள். வலையில் விழும் எண் ஒன்றுதான், அதற்குள் கலந்திருக்கும் காரணங்கள் பல.

வாரந்தோறும் இழுப்பதன் அருமை முழுதாக வெளிப்பட்டது இன்னும் பின்னால். ஆண்டுக்கு இருமுறை போகும் பெரிய கப்பல், மீன் எங்கே இருக்கிறது என்பதைப் பரந்த கடலில் சொல்லும், எப்போது வந்தது என்பதைச் சொல்லாது. நாரகன்செட்டின் வார எண்களை வைத்து 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வெதுநீர் இனங்கள் முன்பைவிடச் சீக்கிரம் விரிகுடாவுக்குள் வந்து, முன்பைவிடத் தாமதமாக வெளியேறுவதைக் காட்டியது. குளிர்நீர் இனங்களின் தங்கல் காலம் சுருங்கியிருந்தது. சில இனங்களில் இந்த மாற்றம் மாதக்கணக்கில் இருந்தது. இதில் பெரிய கணக்கெடுப்புகளுக்கு ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. கப்பல் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய அதே தேதிகளில் போகிறது, மீனோ தேதியை மாற்றிக்கொண்டுவிட்டது. முன்பு கப்பல் வரும்போது வெளிக்கடலில் இருந்த மீன் இப்போது கரையோரத்துக்குப் போயிருந்தால், வலையில் குறையும். இருப்பு குறைந்ததா, இடம்தான் மாறியதா என்று அந்த ஓர் எண்ணால் சொல்ல முடியாது. மாறாமல் இருப்பதையே பலமாகக் கொண்ட ஒரு முறைக்கு, அளக்கப்படும் கடலே மாறிப்போவதுதான் உண்மையான சோதனை. சார்லஸ் ஃபிஷ் கேட்ட முதல் கேள்வி, எந்த மீன் எப்போது வருகிறது என்பது, அறுபது ஆண்டுக்குப் பிறகு மிகத் தேவையான கேள்வியாகிவிட்டது வேடிக்கைதான்.

இந்தியாவில் நமக்கு இருக்கும் நீண்ட எண்தொடர் வேறு வகை. 1947இல் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், மீன் இறங்குதுறைகளில் மாதிரி எடுத்து, நாட்டின் மொத்தப் பிடிப்பை மதிப்பிடுகிறது. விடாமல் அதைச் செய்துவருவது பெரிய உழைப்பு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது கரைக்கு வந்த மீனின் கணக்கு. குதிரைத்திறன் ஏறியது, கண்ணி சிறுத்தது, படகு தொலைவுக்குப் போனது, முன்பு கடலில் வீசிய கழிவுமீன் இப்போது தீவன ஆலைக்குப் போகிறது என்றால், அத்தனையும் அந்த எண்ணுக்குள் கலந்துவிடும். இந்திய மீன்வள அளவை நிறுவனத்தின் கப்பல்கள் கடலில் நேரடியாக ஆய்வு செய்கின்றன. எனக்கு இருக்கும் ஆசை அவற்றைவிடச் சின்னது: நம் கரையோரத்தில் இரண்டே இரண்டு இடங்கள், மாறாத ஒரு வலை, ஒவ்வொரு வாரமும், 61 நாள் தடைக்காலத்திலும் விடாமல். தடைக்காலத்தில் கடலடியில் என்ன நடக்கிறது என்று என் மாமா உட்பட எல்லோரும் கருத்துச் சொல்கிறார்கள். வாராவாரம் எண்ணி வைத்திருந்தால் அந்த வாதங்களில் பாதி வேண்டியிருக்காது.

நியூ இங்கிலாந்துக் கணக்கெடுப்புகளுக்கு இப்போது வந்திருக்கும் தொல்லை காற்றாலைகள். ரோட் ஐலண்டின் பிளாக் தீவுக்கு அருகே, 2016 டிசம்பரில், அமெரிக்காவின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை ஐந்து கோபுரங்களோடு ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னுமாக ஏழு ஆண்டுகள், மாதந்தோறும், உள்ளூர் மீன்பிடிப் படகு ஒன்றைக் கொண்டே இழுவலைக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். கோபுரங்களின் அருகே பிளாக் சீ பாஸ் என்னும் மீன் கூடியது அதில் தெரிந்தது. ஐந்து கோபுரத்தைச் சுற்றி இழுக்கலாம். நூற்றுக்கணக்கான கோபுரங்களும் கடலடிக் கம்பிகளும் வரும்போது பிகலோ போன்ற பெரிய கப்பல் அதற்குள் நுழைந்து வலை இழுக்க முடியாது. குலுக்கலில் விழும் இடங்களில் ஒரு பகுதி நிரந்தரமாக வெளியே போய்விடும், அங்கே மீன் கூடியதா குறைந்ததா என்பது சராசரியில் சேராது. இதற்கு மாற்று வழிகள் வேண்டும் என்று அமெரிக்க அரசின் இரண்டு அமைப்புகள் 2022இல் திட்டம் ஒன்றை வெளியிட்டன. சிறிய படகுகள், தூண்டில் வரிசைகள், கேமராக்கள், நீரில் மிதக்கும் மீனின் மரபணுத் துகள்களைச் சோதிப்பது என்று யோசனைகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பழைய வலையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் 1963இலிருந்து வரும் எண்களோடு அதைச் சேர்க்க முடியும். அந்த ஒப்பீட்டைக் கோபுரங்கள் நடப்படுவதற்கு முன்னால் மட்டுமே செய்ய இயலும். சில இடங்களில் கோபுரங்கள் ஏற்கெனவே எழுந்துவிட்டன.